எல்லாக் கதவும் வாசலுக்கே போகுது

"இதெல்லாம் ஒரு பிரச்சினையா?" என்றுதான் முதலில் கேட்டார்கள். சம்பளப் பிரச்சினை இருக்கு, காணிப் பிரச்சினை இருக்கு, லயத்துக் கூரை ஒழுகுது. நீங்க என்னடான்னா இணையத்தள மெனுவில் எந்தச் சொல் தடிப்பாக இருக்க வேண்டும் என்று கூட்டம் போட்டுப் பேசுறீங்க. எங்கள் கூட்டத்துக்குள்ளேயே இரண்டு பேர் இப்படிச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்கள். அவர்கள் திரும்பி வந்தபோதும் நாங்கள் அதையேதான் பேசிக்கொண்டிருந்தோம். இந்தக் கட்டுரை முதலில் அந்த இருவருக்கும், பிறகு அவர்களைப் போல நினைக்கிற மற்ற எல்லாருக்கும்.

கதை 2023இல் தொடங்குகிறது. மலையகம் 200 என்று எல்லா இடத்திலும் பேச்சு. ஜூலை கடைசியில் தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட நடைபயணம் ஆகஸ்டில் மாத்தளைக்கு வந்து சேர்ந்தது. அந்தச் சூட்டோடு நாங்களும், கலைப்பீடத்துப் பிள்ளைகள் சில பேர், சும்மா இருக்க முடியாமல் ஒரு சின்ன இணையத்தளம் தொடங்கினோம். ஹட்டன், பொகவந்தலாவை, மஸ்கெலியா, தலவாக்கலை பக்கம் கிடைக்கிற பழைய புத்தகம், சங்க நோட்டீஸ், பாட்டிமார் குரல் எல்லாவற்றையும் பட்டியல் போட்டு வைப்பது திட்டம். மெனுவில் ஐந்து சொல்: முகப்பு, ஆட்கள், இடங்கள், இதழ்கள், குரல்கள். ஆட்களுக்குள் மடகும்புரயில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை, மீனாட்சி அம்மாள். இதழ்களுக்குள் கோ. நடேசய்யரின் தேசபக்தன். இப்படி நாற்பது பக்கம். மூன்று மொழியிலும் வேண்டும் என்று வீறாப்பாக முடிவெடுத்ததால் 120 பக்கம்.

எங்களுக்கு வலைப்பக்கம் செய்யக் கற்றுக்கொடுத்த வகுப்பில் மெனுவைப் பற்றிச் சொன்னது ஒரே விஷயம்தான். ஒரு பக்கத்தைச் செய், அதை நகலெடு, நகலில் எந்தச் சொல் 'ஆக்டிவ்' என்று கையால் மாற்று. நாங்களும் அப்படியே செய்தோம். 120 தடவை.

தளம் வெளியே போன முதல் வாரத்தில் எங்களில் ஒருத்தியின் அப்பா அதைப் போனில் திறந்து பார்த்தார். பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். வாசிப்பு ஆள். தேசபக்தன் பக்கத்துக்கு எப்படியோ வந்துவிட்டார். ஆனால் மேலே மெனுவில் 'முகப்பு' என்ற சொல்தான் சிவப்பாக எரிகிறது. சரி, இன்னும் முகப்பில்தான் இருக்கிறோம் போல என்று நினைத்து 'இதழ்கள்' என்பதைத் தட்டியிருக்கிறார். பக்கம் சுற்றிச் சுற்றி வந்தது, மறுபடியும் 'முகப்பு' எரிகிறது. போன் இறுகிவிட்டது என்று நினைத்து ஐந்தாறு தடவை தட்டியிருக்கிறார். பிறகு சிங்களப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க மொழிப் பொத்தானை அழுத்தினால், இந்த முறை உண்மையாகவே முகப்புக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டது. "என்ன பிள்ளைகளா, ஒங்க கட்டடத்துல எல்லாக் கதவும் வாசலுக்கே போகுது? போட்ட ரீலோட் இதுக்கே சரியாப் போச்சு" என்றார்.

சிரித்தோம். பிறகு போய் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தோம். சிரிப்பு நின்றுவிட்டது.

ஆங்கிலப் பக்கங்கள் நாற்பதிலும் மெனு சரியாக இருந்தது. சிங்களப் பக்கங்களில் இரண்டு மூன்றில் பிழை. தமிழ்ப் பக்கங்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் 'முகப்பு'தான் எரிந்தது. காரணம் ரொம்பச் சாதாரணம். பார்த்துப் படித்த பாடம் ஆங்கிலத்தில் இருந்ததால் முதலில் ஆங்கிலப் பக்கத்தைச் செய்தோம். சிங்களத்தில் தப்பு விட்டால் நண்பர்கள் முன்னால் மானம் போகும் என்று அதை அடுத்ததாக, கவனமாகச் செய்தோம். தமிழ் நம்ம மொழிதானே, கடைசி ராத்திரி போட்டுக்கலாம் என்று விட்டோம். கடைசி ராத்திரி முகப்புப் பக்கத்தை நகலெடுத்து, உள்ளே இருப்பதை மட்டும் மாற்றி, மெனுவைத் தொடாமல் ஏற்றிவிட்டோம். தமிழ் ஆட்கள், தமிழ் ஆட்களைப் பற்றி, தமிழ் ஆட்களுக்காகச் செய்த தளத்தில், தமிழ் வாசகருக்கு மட்டும் தான் எங்கே நிற்கிறோம் என்று தெரியாது.

இதே காரியத்தை வேறு யாராவது செய்திருந்தால் நாங்கள் என்ன எழுதியிருப்போம் என்று நினைத்துப் பாருங்கள். 1956இன் தனிச்சிங்களச் சட்டத்தில் ஆரம்பித்திருப்போம். 1987இல் 13ஆவது திருத்தம் தமிழும் ஓர் அரச கரும மொழி என்று சொன்னதை எடுத்துக் காட்டியிருப்போம். 1999இல் நுவரெலியா மாவட்டத்துப் பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டதை நினைவுபடுத்தியிருப்போம். 2010இலிருந்து '.இலங்கை' என்று தமிழிலேயே தள முகவரி வைக்கலாம், ஆனால் உள்ளே போனால் தமிழ் எங்கே என்று கேட்டிருப்போம். அந்தக் கேள்விகள் எல்லாம் நியாயமானவைதான். அவற்றை நாங்கள் விடவும் போவதில்லை. ஆனால் கெட்ட எண்ணம் கொஞ்சமும் இல்லாத நாங்களே, வேலை செய்கிற முறை அப்படி இருந்ததால், அதே இடத்துக்கு வந்து சேர்ந்தோம். தமிழைக் கடைசியில் கையால் ஒட்டுகிற வரைக்கும், ஒட்டுகிறவர் தமிழராக இருந்தாலும் அது கடைசியாகத்தான் இருக்கும்.

அந்தப் பிழையைக் கண்ட பிறகு அரச தளங்களை வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கினோம். எங்களில் ஒருவர் தன் அத்தைக்காக ஒரு திணைக்களத்தின் தளத்தில் விண்ணப்பப் படிவம் தேடினார். மூன்று படி உள்ளே போய், ஆங்கிலத்தில் படிவத்தின் பக்கத்தைக் கண்டுபிடித்து, 'தமிழ்' என்று அழுத்தினார். முகப்பு வந்தது. மறுபடி மூன்று படி. இந்த முறை மெனுவில் எந்தச் சொல்லும் எரியவில்லை. படிவம் அங்கே இருந்ததா இல்லையா என்பதே கடைசிவரை தெரியவில்லை. அத்தை பஸ் ஏறி டவுனுக்குப் போனார், ஒரு நாள் பேர் போச்சு. தோட்டத்தில் 'பேர்' என்றால் என்ன என்று தெரியாத வாசகருக்கு: செக்ரோலில் விழுகிற வேலை நாள். பேர் விழாத நாளுக்குச் சம்பளம் இல்லை.

மெனுவில் நிறம் மாறுவது அழகு வேலை என்று சொல்கிறவர்களுக்கு ஒரு கேள்வி. ரயில் நிலையத்தில் பெயர்ப் பலகை யாருக்காக? ஸ்டேசன் மாஸ்டருக்கு அது ஹட்டன் என்று தெரியும். தினமும் வருகிற வியாபாரிக்கும் தெரியும், கண்ணை மூடிக்கொண்டே இறங்குவார். பலகை, முதல் தடவை நுவரெலியாவுக்குப் போகிறவருக்காக. நுவரெலியாவுக்கு நானுஓயாவில்தான் இறங்க வேண்டும் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள், அவர் ஜன்னலில் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டே வருகிறார். ஒரு தளத்தின் மெனுவும் அப்படித்தான். தளத்தைச் செய்தவருக்கு எந்தச் சொல் எரிந்தாலும் ஒன்றுதான். அது இல்லாமல் தடுமாறுகிறவர் புதிதாக வருகிறவர். எங்கள் ஊரில் இணையத்துக்குப் புதிதாக வருகிறவர் யார் என்று நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. வீட்டு இலக்கம் இல்லாமல், கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வந்து, அங்கிருந்து யாரோ கொண்டுவந்து தருகிற வரைக்கும் காத்திருந்து பழகிய சனங்கள். 'நீங்கள் இங்கே இருக்கிறீர்கள்' என்று சொல்கிற எதையும் எங்களால் அலங்காரம் என்று ஒதுக்க முடியாது.

சரி, என்ன செய்தோம் என்பதைச் சொல்கிறோம். இதில் ரகசியம் ஒன்றும் இல்லை, எக்ஸ்எஸ்எல்டி என்கிற பழைய சாமான்தான். 1999 நவம்பரில் வெளிவந்த தரநிலை, பதிப்பாசிரியர் ஜேம்ஸ் கிளார்க். மேலே சொன்ன இருமொழி வர்த்தமானியும் இதுவும் ஒரே வருசத்துப் பிள்ளைகள். எதை எவ்வளவு பேர் நடைமுறைப்படுத்தினார்கள் என்ற ஒப்பீட்டுக்குள் இப்போது போக வேண்டாம்.

மெனுவை ஒரே ஒரு எக்ஸ்எம்எல் கோப்பில் மரமாக எழுதினோம். ஒவ்வொரு கிளைக்கும் ஒரு குறி, அந்தக் குறிக்குக் கீழே மூன்று மொழிப் பெயர். 'இதழ்கள்' கிளைக்குள் 'தேசபக்தன்' ஓர் இலை. பக்கத்தை உருவாக்கும்போது எக்ஸ்எஸ்எல்டிக்கு இரண்டே விஷயம் சொல்லி அனுப்புகிறோம்: இது எந்தக் குறியின் பக்கம், எந்த மொழி. அது மரத்தின் ஒவ்வொரு கிளையிடமும் போய்க் கேட்கும். நீதானா அது? ஆம் என்றால் அந்தச் சொல் தடிப்பாகும், அதற்கு இணைப்பு இருக்காது. நீ இல்லை என்றால், உன் சந்ததியில் யாராவது அதுவா? ஆம் என்றால் அந்தக் கிளை விரிந்து நிற்கும். இரண்டும் இல்லையென்றால் வெறும் இணைப்பு. அதனால் தேசபக்தன் பக்கத்தில் 'தேசபக்தன்' தடிப்பாக இருக்கும், அதன் தாய்க்கிளையான 'இதழ்கள்' திறந்து நிற்கும். 'முகப்பு' வாயை மூடிக்கொண்டு இருக்கும்.

'சந்ததி' என்ற சொல் நாங்கள் போட்டது இல்லை. பிள்ளை, பெற்றோர், மூதாதை, சந்ததி, உடன்பிறப்பு என்று உறவுமுறை சொல்லியே இந்த மொழி மரத்துக்குள் நடக்கிறது. சமூகவியல் வகுப்பில் உறவுமுறை வரைபடம் கீறிக் களைத்தவர்களுக்கு இது ஒரு வாரத்தில் பிடிபட்டது. கணினிப் பாடம் படித்த ஒரு தோழர்தான் அதிகம் கஷ்டப்பட்டார். மரத்தைச் சுற்றிவரும்போது 'கண்டுபிடித்தாச்சு' என்று ஒரு மாறியில் குறித்துவைக்கப் பார்த்தார். எக்ஸ்எஸ்எல்டியில் மாறி மாறாது, ஒருமுறை வைத்தால் வைத்ததுதான். இரண்டு ராத்திரி அதோடு மல்லுக்கட்டிய பிறகுதான், எதையும் நினைவில் வைக்கத் தேவையில்லை, ஒவ்வொரு கிளையும் தன் வீட்டுக்குள் பார்த்துச் சொன்னால் போதும் என்று விளங்கியது.

இதில் நாங்கள் விழுந்த குழிகள் மூன்று. வேறு யாரும் விழ வேண்டாம் என்பதற்காக எழுதுகிறோம்.

முதலில் குறியை வைத்துப் பார்க்காமல் பக்கத்தின் முகவரியை வைத்துப் பார்த்தோம். முகவரியின் தொடக்கம் மெனுவில் இருக்கும் முகவரியோடு ஒத்துப்போனால் எரியட்டும் என்றோம். முகப்பின் முகவரி வெறும் ஒரு சாய்கோடு. எல்லா முகவரியும் சாய்கோட்டில்தான் தொடங்கும். ஆகவே 'முகப்பு' மறுபடி எல்லாப் பக்கத்திலும் எரிந்தது. வாசலை விட்டு நகரவே மாட்டோம் போல!

அது போக, 'ஹட்டன்' என்று ஒரு பக்கம், 'ஹட்டன்-வாசிகசாலை' என்று இன்னொன்று. வாசிகசாலைப் பக்கத்துக்குப் போனால் இரண்டும் சேர்ந்து எரிந்தன, ஏனென்றால் ஒன்றின் முகவரி மற்றதின் தலைப்பகுதி. முகவரிக் கடைசியில் ஒரு சாய்கோடு சேர்த்துச் சரிபார்த்தால் இது தீரும்.

மூன்றாவதுதான் தமிழுக்கே உரியது, இதற்காகத்தான் இவ்வளவு நேரம் தொழில்நுட்பம் பேசினோம். முகவரி வேண்டாம், பெயரை வைத்தே ஒப்பிடலாம் என்று முயன்றோம். 'தொழிற்சங்கங்கள்' என்ற பக்கம் மட்டும் எரியவே மாட்டேன் என்றது. கண்ணுக்கு இரண்டு சொல்லும் ஒன்றுதான், எழுத்தெழுத்தாகப் பார்த்தும் வித்தியாசம் இல்லை. வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்தது. யூனிகோடில் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், முன்னால் ஒற்றைக் கொம்பு பின்னால் கால் என்று இரண்டு குறியீடாகவும் எழுதலாம். போனில் தட்டியது ஒரு விதம். பழைய பாமினி எழுத்துருவில் இருந்த நோட்டீசை மாற்றி எடுத்தது இன்னொரு விதம். திரையில் இரண்டும் 'தொ'. கணினிக்கு இரண்டும் வேறு வேறு சொல். 2007இல் வந்த எக்ஸ்எஸ்எல்டி 2.0இல் இவற்றை ஒன்றாக்க வழி உண்டு, நாங்கள் பாவித்த 1.0இல் இல்லை. ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துப் பார்த்திருந்தால் இந்தக் குழி இருப்பதே தெரிந்திருக்காது. தமிழ்ப் பக்கத்தில் மட்டும் ஒரு மெனுச் சொல் செத்துக் கிடக்கும், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். அன்றோடு முடிவெடுத்தோம்: பெயர் மனிதருக்கு, குறி கணினிக்கு. ஒப்பிடுவது குறியை மட்டும்.

குறி ஒன்றாக இருப்பதால் மொழிப் பொத்தானும் தானாகவே சரியாகிவிட்டது. தமிழ்த் தேசபக்தனில் நின்று 'சிங்களம்' என்று அழுத்தினால் சிங்களத் தேசபக்தனுக்கே போகலாம், ஏனென்றால் மூன்றும் ஒரே இலை. எங்கே நிற்கிறோம் என்று தெரியாத தளம்தான் மொழி மாற்றும்போது ஆளை வாசலுக்கு விரட்டும். இரண்டும் ஒரே நோய்.

இனி, வழக்கமாக வருகிற ஆட்சேபங்கள்.

"ஜாவாஸ்கிரிப்டில் மூணு வரியில் முடிகிற வேலை." முடியும், நல்ல சிக்னல் இருக்கிற இடத்தில். மஸ்கெலியாவில் மழை பிடித்துக்கொண்டால் பக்கத்தின் எழுத்து வரும், கூடவே வர வேண்டிய நிரல் வராது. எழுத்து வந்து நிரல் வராத அந்தப் பக்கத்தில் மெனு ஊமை. எங்கள் முறையில் எல்லாக் கணக்கும் எங்கள் மேசையிலேயே முடிந்துவிடும். போனுக்குப் போவது முடிந்த பக்கம். வாசகரின் டேட்டாவில், வாசகரின் பழைய போனில், நம்முடைய வேலையை ஏன் செய்ய வைக்க வேண்டும்?

"எக்ஸ்எஸ்எல்டி செத்துப் போச்சு, குரோமே எடுக்கப் போகுது." ஆமாம், 2025இல் குரோம் தரப்பு அப்படித்தான் அறிவித்தது. பழைய நிரல், பாதுகாப்பு ஓட்டைகள், பாவிக்கிறவர் குறைவு என்று காரணம் சொன்னார்கள். அது உலாவிக்குள் ஓடுகிற எக்ஸ்எஸ்எல்டியைப் பற்றிய பேச்சு. எங்களுடையது எங்கள் மடிக்கணினியில் ஓடுகிறது, உலாவிக்கு இப்படி ஒன்று இருந்ததே தெரியாது. இதை விளக்கிய பிறகும் ஒரு நண்பர் "இருந்தாலும் பழசுதானே" என்றார். பழசுதான். எங்கள் வீட்டு அம்மிக்கல்லும் பழசு.

"வேர்ட்பிரஸ் போட்டால் தானாக வருமே." வரும். தற்போதைய பக்கத்துக்கு அது தானாகவே அடையாளம் போட்டுத் தருகிறது. காசும் தொடர்ந்து பராமரிக்க ஆளும் இருக்கிறவர்கள் தாராளமாகப் போடுங்கள், எங்களுக்கு எக்ஸ்எஸ்எல்டி மீது பக்தி கிடையாது. அதன் பிழைச் செய்திகளைப் படித்தால் யாருக்கும் பக்தி வராது. எங்கள் சண்டை கருவிக்காக இல்லை. இருக்கிற இடம் ஒரே இடத்தில் எழுதப்பட்டு, மூன்று மொழியும் அதிலிருந்து சமமாக வர வேண்டும் என்பதற்காக.

இன்னொன்று. சிவப்பு நிறம் மட்டும் போதும் என்று இருந்தோம். அந்த அப்பாதான் வெயிலில் போனை வைத்துப் பார்த்தால் சிவப்பும் கறுப்பும் ஒன்றாகத் தெரியுது என்றார். நிறக்குருடு உள்ளவர்களுக்கும் அப்படித்தான். இப்போது தடிப்பு எழுத்து, பக்கத்தில் ஒரு கோடு, கூடவே திரைவாசிப்பான் படித்துச் சொல்கிற 'ஏரியா-கரண்ட்' என்கிற குறிப்பு. மரத்தில் ஓரிடத்தில் சேர்த்தோம், 120 பக்கத்துக்கும் போய்விட்டது.

கடைசியாக ஒரு விதி வைத்தோம், எல்லாத் தளங்களிடமும் இதைத்தான் கேட்கிறோம், அரச தளங்களிடம் இரண்டு மடங்கு சத்தமாக. எக்ஸ்எஸ்எல்டியில் ஒரு செய்தியைச் சொல்லிவிட்டு வேலையை அப்படியே நிறுத்துகிற வசதி இருக்கிறது. மெனுவில் எந்தக் கிளைக்காவது தமிழ்ப் பெயர் இல்லையென்றால் எங்கள் தளம் உருவாகாது. தமிழ்ப் பக்கம் மட்டும் நிற்காது, ஆங்கிலமும் சிங்களமும் சேர்ந்தே நிற்கும். சிங்களப் பெயர் விடுபட்டாலும் அதே கதை. "இப்போதைக்கு ஆங்கிலத்தில் போடுவோம், தமிழ் பிறகு வரும்" என்று சொல்லவே முடியாது, இயந்திரம் விடாது. பிறகு வரும் என்று சொல்லப்பட்ட தமிழ் எத்தனை தளங்களில் எத்தனை வருசமாக வந்துகொண்டே இருக்கிறது என்பதை நீங்களே ஒரு தடவை சுற்றிப் பாருங்கள்.

இந்த விதியால் போன மாதம் எங்கள் தளம் நான்கு நாள் நின்றது. 'குரல்கள்' பகுதியில் ஒரு கிளைக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்று தெரியவில்லை. கொழுந்து நிறுக்கிற இடத்தில் பெண்கள் பேசிக்கொள்கிற பேச்சுப் பதிவுகள் அவை. ஆங்கிலத்தில் சும்மா 'கான்வர்சேஷன்ஸ்' என்று போட்டிருந்தோம். 'உரையாடல்கள்' என்று போடலாம் என்றார் ஒருவர். அங்கே யாரும் உரையாடுவதில்லை என்றார் இன்னொருவர். கடைசியில் பதிவில் குரல் கொடுத்த ஒரு அக்காவிடமே போன் போட்டுக் கேட்டோம். "நெறுவைப் பேச்சுன்னு போடுங்களேன்" என்றார். போட்டோம். கட்டளையை ஓடவிட்டோம். 120 பக்கமும் வந்துவிட்டன, அந்தப் பக்கத்தில் 'நெறுவைப் பேச்சு' தடிப்பாக நிற்கிறது. ஆங்கிலப் பெயரை இன்னும் மாற்ற வேண்டும், அதற்கு இன்னும் சொல் கிடைக்கவில்லை.